விடியா: ஒரு ஸ்கோரிங் பிளேடின் பல்லுக்குப் பின்னால்

(பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கி, எழுத்து வடிவத்துக்காகத் திருத்தியது.)

இன்னைக்கு எபிசோடுக்கு விஷயம் ஒரு சின்ன வட்டத் தகடு. விட்டம் 120 மி.மீ. கிட்டத்தட்ட உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். ஓரத்துல 24 பல். நாகல் நகர்ல பிளைவுட், பார்ட்டிக்கிள் போர்டு வெட்டிக் கொடுக்கிற பட்டறை எதுக்குள்ள போனாலும் பேனல் சா மேசையில, பெரிய பிளேடுக்கு முன்னால, பாதி மறைஞ்ச மாதிரி இது உட்கார்ந்திருக்கும். ஸ்கோரிங் பிளேடு. நாகல் நகர்னா உங்களுக்குத் தறியும் பூட்டும்தான் ஞாபகம் வரும். ரெண்டும் இந்த எபிசோடுல கிடையாது. இன்னைக்கு இந்தப் பல் மட்டும்.

முதல்ல, இது எதுக்கு? பேனல் சாவுல பெரிய பிளேடு 300 மி.மீ. அதோட பல் மேலே இருந்து கீழே இறங்கி வெட்டும். போர்டின் மேல்பக்கம் சுத்தமா வரும். ஆனா பல் கீழ்ப்பக்கத்தை விட்டு வெளியேறும்போது அங்க தாங்கிப் பிடிக்க எதுவும் இல்ல. மைக்கா பிய்ச்சுக்கிட்டு வரும். வெள்ளை மைக்காவுல அந்த ஓரத்தைப் பார்த்திருப்பீங்க, எலி கடிச்ச மாதிரி இருக்கும். அதனால பெரிய பிளேடு வர்றதுக்கு முன்னாடியே இந்தச் சின்ன பிளேடு எதிர்த்திசையில சுத்தி, கீழ்ப்பக்கத்துல ஒண்ணரை, ரெண்டு மி.மீ. ஆழத்துக்கு மட்டும் ஒரு கோடு கீறி வைக்கும். இதோட பல் மைக்காவுல கீழேயிருந்து மேலே, போர்டுக்கு உள்ளே நுழையுது. பின்னால போர்டு தாங்கிக்கிறதால மைக்கா பிய்யாது. அப்புறம் பெரிய பிளேடு அந்தக் கோட்டுக்குள்ளயே வந்து வெளியேறிடும்.

யோசனை புதுசு இல்ல. ரம்பம் போடுறதுக்கு முன்னாடி கத்தியால கோடு கீறி வைக்கிற ஆசாரியை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். அதேதான். இங்க அந்தக் கத்தி நிமிஷத்துக்கு 8000 சுத்து சுத்துது. கணக்குப் போட்டா பல்லோட நுனி நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. வேகத்துல ஓடுது. பசை, பிசின், மணல் தூசி எல்லாம் கலந்த ஒரு பலகைக்குள்ள! இரும்புப் பல்லா இருந்தா அரை நாள் தாங்காது.

அந்தப் பல் இரும்பு இல்ல. தட்டுதான் எஃகு. பல் ஒவ்வொண்ணும் தனித்தனியா வெள்ளி கலந்த பற்றாசு வச்சு ஒட்டின டங்ஸ்டன் கார்பைடு துண்டு. பிளேடு வியாபாரிங்க இதை டி.சி.டி.ன்னு சொல்வாங்க. லேத் பட்டறையில கேட்டா வேற பேர் வரும்: விடியா. "விடியா டூல் போடுப்பா", "விடியா டிப் உடைஞ்சிருச்சு". நான் இன்ஜினியரிங் படிச்ச காலத்துல ஒர்க்ஷாப்ல முதல் தடவை இதைக் கேட்டப்ப, 'விடியா மூஞ்சி'யில வர்ற விடியான்னுதான் நினைச்சு எல்லாரும் சிரிச்சோம். உண்மையில அது ஜெர்மன். வீ டியாமண்ட், அதாவது "வைரம் போல". அந்த ரெண்டு சொல்லையும் சுருக்கி க்ரூப் கம்பெனி 1926-ல வச்ச வியாபாரப் பேர். நூறு வருஷம் கழிச்சு நம்ம ஊர் லேத்காரர் வாயில அது தமிழ்ச் சொல் மாதிரியே உட்கார்ந்திருக்கு.

இந்தக் கதை ரம்பத்துல ஆரம்பிக்கல. பல்புல ஆரம்பிக்குது.

டங்ஸ்டன் உருகணும்னா 3422 டிகிரி செல்சியஸ் வேணும். உலோகங்கள்லயே அதிகம் அதுதான். அதனாலதான் பல்புக்குள்ள இழையா அது எரியாம ஒளி கொடுத்தது. அதே காரணத்தால அதை உருக்கி வார்க்கவும் முடியாது, எந்தப் பாத்திரமும் தாங்காது. பொடியா எடுத்து, அழுத்தி, சுட்டு, அடிச்சு, இழுத்துத்தான் கம்பியாக்கணும். அமெரிக்காவுல ஜெனரல் எலெக்ட்ரிக்கோட வில்லியம் கூலிட்ஜ் 1909, 1910 வாக்குல அந்த வழியைக் கண்டுபிடிச்சாரு. கம்பியை மெல்லிசா இழுக்க ஒரு ஓட்டை வேணும், அச்சு மாதிரி. தேயாத ஓட்டைன்னா வைரத்துலதான் போட முடியும். பல்பு லட்சக்கணக்குல போகுது, வைர அச்சு விலையோ தாங்க முடியல.

ஜெர்மனியில பல்பு தயாரிச்ச கம்பெனி ஓஸ்ராம். ஓஸ்மியம், வொல்ஃப்ராம்ங்கிற ரெண்டு உலோகப் பேரையும் ஒட்டி வச்ச பேர் அது. வொல்ஃப்ராம்னா டங்ஸ்டன்தான். தனிம அட்டவணையில டங்ஸ்டனுக்கு டபிள்யூ போட்டிருக்கிறதும் இதனாலதான். முதல் உலகப் போர்ல தோத்துப் போய், பணம் மதிப்பிழந்து கிடந்த ஜெர்மனியில வைரம் இறக்குமதி பண்றது பெரிய பாடு. வைரத்துக்கு மாத்தா என்ன இருக்குன்னு ஓஸ்ராம் ஆராய்ச்சிக்காரங்க தேடினாங்க. டங்ஸ்டனையும் கரியையும் சேர்த்தா வைரத்துக்குப் பக்கத்துல வர்ற கடினம் கிடைக்கும்னு பிரான்ஸ்ல ஆன்றி முவாசான் 1890-களிலேயே காட்டியிருந்தாரு. ஆனா அது கண்ணாடி மாதிரி, தட்டினா சிதறும். யாருக்கும் பிரயோஜனம் இல்லாம கிடந்தது.

கார்ல் ஷ்ரோட்டர் செஞ்சது எளிமையான விஷயம். கார்பைடு பொடியோட கொஞ்சம் கோபால்ட் பொடியைக் கலந்தாரு. கார்பைடு உருகாத, கோபால்ட் மட்டும் இளகுற சூட்டுல சுட்டாரு. இளகின கோபால்ட் கார்பைடு மணிகளுக்கு நடுவுல ஓடிப் பிடிச்சுக்கிச்சு. கருங்கல்லுக்கு நடுவுல சுண்ணாம்புச் சாந்து மாதிரி. கடினம் கல் கொடுக்கும், உடையாம இருக்கிறதைச் சாந்து பார்த்துக்கும். 1923-ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சாங்க. உரிமையை க்ரூப் வாங்குச்சு. 1927 லைப்சிக் வசந்தகாலச் சந்தையில விடியாவைக் காட்சிக்கு வச்சாங்க. இந்தச் சாந்தை, அதாவது கோபால்ட்டை, ஞாபகம் வச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

அடுத்தது விலை. என்னைப் பொறுத்தவரை இந்தப் பல்லோட உருவத்தைத் தீர்மானிச்சதுல விலைக்குப் பெரிய பங்கு இருக்கு. 1928-ல ஜெனரல் எலெக்ட்ரிக்கும் க்ரூப்பும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அமெரிக்கச் சந்தை ஜெனரல் எலெக்ட்ரிக்குக்கு, அவங்க வைக்கிறதுதான் விலை. அதுக்கு முன்னாடி ஒரு பவுண்டு 50 டாலர் அளவுல இருந்த கார்பைடு, ஒப்பந்தத்துக்கு அப்புறம் 453 டாலர் வரைக்கும் போச்சு. ஒரு பவுண்டு கிட்டத்தட்ட 453 கிராம். அதாவது கிராமுக்கு ஒரு டாலர். அன்னைக்குத் தங்கத்தோட அதிகாரபூர்வ விலை அவுன்ஸுக்கு 20.67 டாலர், கிராமுக்கு 66 சென்ட். தங்கத்தை விட ஒண்ணரை மடங்கு விலைக்கு ஒரு வெட்டுக்கருவி! 1940-ல அமெரிக்க அரசு வழக்குப் போட்டுது. நடுவுல உலகப் போர் வந்து வழக்கு தள்ளிப்போச்சு. 1948-ல கம்பெனி குற்றவாளின்னு தீர்ப்பு வந்தது.

தங்கத்தை விட விலை கூடின பொருள்ல யாரும் முழுத் தட்டு செய்ய மாட்டாங்க. செஞ்சாலும் அவ்வளவு பெரிய கார்பைடு தட்டு ஒரு அடியில உடைஞ்சிரும். அதனால உடம்பு எஃகு, நுனியில மட்டும் ஒரு துளி கார்பைடு. நகைக்கடைக்காரர் கல் பதிக்கிற மாதிரி. தேய்ஞ்சா தூக்கிப் போடாம திரும்பத் திரும்பச் சாணை பிடிக்கணும்ங்கிற பழக்கமும் இந்த விலையோட சேர்ந்தே வந்தது.

இந்தியாவுக்கு வருவோம். விடியா (இந்தியா) கம்பெனி 1964-ல பெங்களூர்ல தொடங்கினது. பின்னால 2002-ல அமெரிக்காவோட கென்னாமெட்டல், விடியாவை உலகம் முழுக்க வாங்கினதும் இதோட பேரும் மாறிடுச்சு. ஆனா பட்டறையில பேர் மாறல. லேத்துக்கு வந்த விடியா மர வேலைக்கு வர வேண்டிய கட்டாயம், மரமே மாறினதால வந்தது. தேக்கும் வேங்கையும் வெட்ட நல்ல எஃகு ரம்பம் போதும். ஜெர்மனியில பிரெமன் நகரத்துல 1941-ல பார்ட்டிக்கிள் போர்டு ஆலை ஓட ஆரம்பிச்சது. மரச் சீவலையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையையும் சேர்த்து அழுத்தின பலகை. இறுகின அந்தப் பசை எஃகு முனையைத் தின்னும். அதுக்கு மேல ஒட்டுற மைக்கா இன்னும் கடினம், ஓரம் பிய்யுற குணம் வேற. ஸ்கோரிங் பிளேடு இந்தப் பலகைக்காகப் பிறந்தது, மரத்துக்காக இல்ல. நம்ம ஊர்ல மாடுலர் கிச்சன் வந்த வேகத்துல இதுவும் வந்துருச்சு.

சரி, பட்டறைக்குள்ள என்ன நடக்குது? நாகல் நகர்ல ஒரு பட்டறையில ரெண்டு சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். மெஷின் ஓட்டுற அண்ணன் பேர் வேண்டாம்னு சொல்லிட்டாரு.

ஸ்கோரிங் பிளேடுல ரெண்டு வகை. ஒண்ணு ரெண்டு தட்டா வரும். நடுவுல 0.1 மி.மீ. தடிமன்ல வளையம் போட்டு அகலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இன்னொண்ணு ஒரே தட்டு, பல் கூம்பு வடிவம். மெஷின்ல அதை மேல ஏத்தினா கீறல் அகலமாகும், இறக்கினா குறுகும். ரெண்டிலயும் குறிக்கோள் ஒண்ணுதான்: கீறலோட அகலம் பெரிய பிளேடு வெட்டுற அகலத்தை விட ஒரு தலைமுடி அளவு மட்டும் கூட இருக்கணும். பெரிய பிளேடு 3.2 மி.மீ. வெட்டினா கீறல் 3.3, மிஞ்சிப் போனா 3.4. குறைஞ்சா பெரிய பிளேடு மைக்காவைத் தொட்டுப் பிய்க்கும். கூடினா ஓரத்துல ஒரு சின்னப் படி விழும். எட்ஜ் பேண்ட் ஒட்டினதுக்கு அப்புறம் அந்தப் படி கோடாத் தெரியும். என் வேலை சாஃப்ட்வேர். ஒரு எழுத்து தப்பானா புரோகிராம் ஓடாதுன்னு பெருமை பேசுற ஆளு நான். இந்த அண்ணன் தினமும் காலையில ஒரு துண்டு மைக்காவை வெட்டி, அந்த ஓரத்தை நகத்தால தடவியே 0.1 மி.மீ. வித்தியாசத்தைச் சொல்றாரு. வளையங்களுக்கு நடுவுல ஒரு துளி மரத்தூள் மாட்டினாலே அளவு போயிடும்ங்கிறதால ஒவ்வொரு தடவையும் துணியால துடைச்சுத்தான் மாட்டுறாரு.

பிளேடு மொக்கையாயிருச்சுன்னு சாணைக்கு அனுப்புறதுல பாதி, அழுக்குதான்ங்கிறது அவரோட கட்சி. பசை சூட்டுல இளகிப் பல்லோட பக்கவாட்டுல கருப்பா ஒட்டிக்கும். பல் உரச ஆரம்பிக்கும், சூடாகும், இன்னும் ஒட்டும். கழட்டி, பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில ஊற வச்சு, நைலான் பிரஷ்ஷால தேய்ச்சாப் போதும். நல்லாத் துடைச்சு ஈரமில்லாம வைக்கணும், அவ்வளவுதான். சில பேர் சீக்கிரம் ஆகட்டும்னு கக்கூஸ் கழுவுற ஆசிட்ல முக்குறாங்க. அங்கதான் சாந்து ஞாபகத்துக்கு வரணும். ஆசிட் கார்பைடை ஒண்ணும் செய்யாது, நடுவுல இருக்கிற கோபால்ட்டைக் கரைக்கும். வெளியில பார்த்தா பல் பளபளன்னு இருக்கும். சாந்து போன சுவர் மாதிரி முனையில இருந்து மணி மணியா உதிரும்.

சாணையும் அப்படித்தான். தீட்டுறது வைரப் பொடி பதிச்ச சக்கரத்துல. எதுக்கு மாத்தா விடியாவைக் கண்டுபிடிச்சாங்களோ, அந்த வைரத்துக்கிட்டதான் கடைசியில விடியா போய் நிக்குது! முனை லேசா மழுங்கும்போதே கொடுத்தா கொஞ்சம் சுரண்டினாப் போதும், பல தடவை தீட்டலாம். சத்தம் மாறி, மோட்டார் முக்கி, ஓரம் பிய்ய ஆரம்பிச்சு, அதுக்கு அப்புறமும் ஒரு ஆர்டரை முடிச்சுட்டுக் கொடுத்தா சேதமான பகுதி முழுசையும் எடுக்கணும். பல்லோட ஆயுசு பாதியாயிரும். கூம்பு வகையா இருந்தா பெரிய பிளேடையும் சேர்த்தே அனுப்புறது நல்லது. தீட்டத் தீட்ட ரெண்டோட அகலமும் மாறும், ஒண்ணை மட்டும் தீட்டினா ஜோடி பொருந்தாது. பல் ஒண்ணு பெயர்ந்து போனா அதே இடத்துல புதுசு வச்சு ஒட்டலாம். இதெல்லாம் தெரிஞ்ச சாணைக்காரர் கிடைச்சா அவரை விடாதீங்க.

இப்ப நான் இந்த எபிசோடு செய்யக் காரணமான விஷயம். அந்தச் சாணைக்காரர் மூக்குல என்ன போகுது?

கார்பைடைத் தீட்டும்போது பறக்கிறது டங்ஸ்டனும் கோபால்ட்டும் சேர்ந்த தூசி. கண்ணுக்குத் தெரியுற பொறி அடங்கின பின்னாடியும் மெல்லிய தூசி காத்துலயே நிக்கும். க்ரூப் விடியாவைச் சந்தையில காட்டி 13 வருஷத்துல, 1940-ல, ஜெர்மனியிலேயே கார்பைடு தொழிலாளிங்களோட நுரையீரல் பாதிப்பைப் பத்தி முதல் மருத்துவ அறிக்கை வந்துருச்சு. இன்னைக்கு அதுக்குக் கடின உலோக நுரையீரல் நோய்னு தனிப் பேரே இருக்கு. முதல்ல வறட்டு இருமல், படி ஏறினா மூச்சு வாங்குறது. சில பேருக்கு ஆஸ்துமா மாதிரி ஆரம்பிக்கும். தூசியை விட்டு விலகிட்டா குறையுற கட்டமும் உண்டு, நுரையீரல் தழும்பேறி இறுகிட்டா திரும்பாத கட்டமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2006-ல வெளியிட்ட தொகுதியில, கோபால்ட் கலந்த டங்ஸ்டன் கார்பைடை மனிதருக்குப் புற்றுநோய் வரவைக்கச் சாத்தியம் அதிகம் உள்ள பொருள்கள் வரிசையில வச்சிருக்கு.

தண்ணி ஊத்தித் தீட்டினாத் தூசி குறையும், ஆனா கோபால்ட் அந்தத் தண்ணியில கரையும். மாத்தாம ஓட்டினா அந்தச் சாரலே பிரச்சினை. பல் ஒட்டுற வெள்ளிப் பற்றாசுல பழைய வகைகள்ல காட்மியம் இருக்கும், அதோட புகை இன்னும் மோசம். வேண்டியது தூசியை அந்த இடத்துலயே உறிஞ்சுற குழாய், சரியான மாஸ்க், காட்மியம் இல்லாத பற்றாசு. நான் பார்த்த சாணைக்கடையில இருந்தது ஒரு கைக்குட்டை. ஏன் அண்ணே மாஸ்க் போடலைன்னு கேட்டேன். "கண்ணாடியில ஆவி படியுது தம்பி"ன்னாரு. ஒரு பிளேடுக்கு வாங்குற கூலியைக் கேட்டா, அதுக்குள்ள உறிஞ்சு குழாய் எங்க வரும்னு எனக்கும் புரியல. கூலியைப் பேரம் பேசுற பட்டறைக்காரங்களும் இதைக் கொஞ்சம் கேட்டுக்கணும்.

தூசி கதை இப்படின்னா, உலோகம் எங்க இருந்து வருதுங்கிறது இன்னொரு கதை. முதல் உலகப் போர்க் காலத்துல பிரிட்டிஷ் இந்தியாவோட ஒரு மாகாணமா இருந்த பர்மாவுல, தவாய் பகுதிதான் உலகத்தோட முக்கியமான வொல்ஃப்ராம் சுரங்கப் பகுதிகள்ல ஒண்ணு. ராஜஸ்தான்ல தேகானாவுல தோண்டினாங்க, அது மூடியாச்சு. ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனி போர்ச்சுகல், ஸ்பெயின் சுரங்கங்களை நம்பி இருந்துச்சு. ஜெர்மனிக்குப் போகக் கூடாதுன்னே நேச நாடுகள் அந்தத் தாதுவை விலை ஏத்தி ஏத்தி வாங்கினாங்க. இன்னைக்கு உலக உற்பத்தியில சுமார் 80 சதவீதம் சீனாவுல.

நமக்கும் இதுக்கும் தூரம்னு நினைச்சுக்கிட்டிருந்தப்பதான் மேலூர் வந்துச்சு. நாகல் நகர்ல இருந்து மதுரை தாண்டி 100 கி.மீ.க்குள்ள. 2024 நவம்பர்ல நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக், சுமார் 2015 ஹெக்டேர், ஏலத்துல இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்குப் போச்சு. அதுக்குள்ள அரிட்டாபட்டியும் வந்துச்சு. 2022-ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச ஊர். மலையில தமிழி கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் கால குடைவரைக் கோயில், சுத்தி ஏரியும் சுனையும். ஊர் ஊரா கிராம சபையில தீர்மானம் போட்டாங்க. டிசம்பர் 9-ல சட்டமன்றம் ஒருமனதா எதிர்த்துத் தீர்மானம் போட்டுச்சு. 2025 ஜனவரி 7-ல ஆயிரக்கணக்கான பேர் மேலூர் பக்கமிருந்து மதுரைக்குப் பேரணியா வந்தாங்க. ஜனவரி 23-ல மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. சரியா 12 நாள் கழிச்சு, பிப்ரவரி 4-ல, சீனா டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு. விலை ஏற ஆரம்பிச்சது.

அப்ப ஒரு வாதம் சுத்துச்சு: டங்ஸ்டனே வேண்டாம்னா போர்வெல் போடாதீங்க, பால் பாயிண்ட் பேனா பிடிக்காதீங்கன்னு. விஷயம் உண்மைதான். பேனா நுனியில இருக்கிற குண்டும் பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடுதான். திருச்செங்கோட்டு ரிக் வண்டி நம்ம வறண்ட காட்டுல 1000 அடி இறங்குறது கார்பைடு பட்டன் பதிச்ச பிட்டாலதான். ஆனா வாதம் தப்பு. டங்ஸ்டன் வேணும்ங்கிறதுக்காக அந்த மலையைத்தான் கொடுக்கணும்னு ஆகாது. மேலூர் விவசாயி கேட்டது அந்தக் கேள்வியைத்தான், என் ஓட்டு அவருக்குத்தான்.

நம்ம கையில ஏற்கெனவே இருக்கிற டங்ஸ்டன் கணக்கு வேற இருக்கு. ஒரு பல் சுமார் 60 கன மி.மீ., கன செ.மீ.க்கு 15 கிராம்னு வச்சா கிட்டத்தட்ட 0.9 கிராம். 24 பல்லுக்கு 20 கிராம் சொச்சம். தேய்ஞ்சு போன 50 பிளேடுல, தீட்டினதைக் கழிச்சாலும், முக்கால் கிலோவுக்குக் குறையாது. உருக்கின துத்தநாகத்துல போட்டா கோபால்ட் சாந்து விட்டுப்போய்க் கார்பைடு மறுபடி பொடியாகும். அந்தப் பொடியில புதுப் பல் செய்யலாம். இது பல வருஷமா நடக்கிற தொழில். கார்பைடு ஸ்கிராப்பைத் தனியா எடைபோட்டு, இரும்பை விடப் பல மடங்கு விலைக்கு எடுக்கிறாங்க. ஆனா நான் பார்த்த பட்டறையில பழைய பிளேடு எல்லாம் ஆணி, கீல் துண்டோட ஒரே சாக்குல பழைய இரும்பு விலைக்குத்தான் போகுது. இதை அண்ணன்கிட்ட சொன்னேன். பல்லை மட்டும் தனியாப் பெயர்க்க கேஸ் அடுப்பு போதுமான்னு கேட்டாரு. அந்தப் புகையில நிக்காதீங்க, தட்டோட அப்படியே தனி டப்பாவுல சேர்த்து வச்சுக் கொடுங்கன்னு சொல்லியிருக்கேன்.

அடுத்த எபிசோடு பூட்டு. திண்டுக்கல் பூட்டோட லீவரை அரத்தால ராவுற ஆளு ஒருத்தர் பேச ஒத்துக்கிட்டிருக்காரு. உங்க ஊர்ல சாணைக்கடை எப்படி இருக்கு, தூசிக்கு என்ன செய்றாங்கன்னு ஆடியோவா அனுப்புங்க, அதுல சேர்த்துப் போடுறேன்.